மாயக்காரரும் சாட்சியும்: மருத்துவர் ஹாயிங் ஙோரின் வாழ்வு குறித்து

மலைப்பிரசங்கத்தில் தெருமூலைகளில் நின்று ஜெபிப்போரையும் தாரை ஊதித் தருமம் செய்வோரையும் நம் ஆண்டவர் கடிந்துரைக்கும்போது, தமிழ்த் திருமறை அவர்களை 'மாயக்காரர்' என்கிறது. மூலமொழியில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'ஹுப்போக்ரிட்டேஸ்' என்பதாகும். கிரேக்க மேடையில் முகமூடி அணிந்து பிறனொருவனாகப் பேசும் நடிகனையே அச்சொல் முதற்கண் குறித்தது. அகத்தில் ஒன்றும் புறத்தில் வேறொன்றுமாக வாழ்பவனைச் சுட்ட அதனினும் பொருத்தமான உவமை அக்காலத்தில் கிடைத்திராது. ஆயினும் திருச்சபை அவ்வுவமையை உவமையாக மட்டும் விட்டுவைக்கவில்லை. தெர்த்துல்லியன் காட்சிவிழாக்களைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு எல்விராவில் கூடிய ஆயர் மன்றம், ஊமைக்கூத்தாடுவோர் தம் தொழிலைத் துறந்தாலன்றிச் சபையில் சேர்க்கப்படலாகாது என விதித்தது. திரைப்படக் கொட்டகைக்குச் சென்றதற்காகப் பீடத்துக்கு முன் நிறுத்தப்பட்ட வாலிபரைப் பற்றி நம் சபைகளின் முதியோர் இன்றும் கூறுவர்.

நடிப்பு என்பது பொய்யின் மறுபெயரே எனக் கருதும் இம்மனநிலைக்கு எதிரே வைத்துச் சிந்திக்கத்தக்க ஒருவரின் வாழ்வை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அவர் கம்போடியா நாட்டு மருத்துவர். இனப்படுகொலையினின்று உயிர் தப்பியவர். அகதியாக அமெரிக்கா சேர்ந்தவர். ஒருநாளும் மேடையேறியிராத நிலையில் தம் முதற்படத்திலேயே உலகப் புகழ் பெற்ற நடிகரானவர். பெயர் ஹாயிங் சோம்நாங் ஙோர். (தமிழில் ஙகரம் சொல்லுக்கு முதலாக வருவது மிக அரிது. ஆயினும் இப்பெயரை ஒலிப்பதற்கு அவ்வெழுத்தே ஏற்றதாயிருக்கிறது.) கிறிஸ்தவரல்லாத அவரைப் பற்றி ஓர் இறையியல் ஏட்டில் எழுதுவானேன் என்ற வினா எழலாம். சாட்சி என்றால் என்ன என்பதை நமக்குக் கற்பிப்போர் எல்லாரும் நம் சபைப் பதிவேட்டில் இடம்பெற்றவர் அல்லர் என்பதே நம் விடை.

மறுதலித்தவர்

ஹாயிங் ஙோர் 1940-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை சீன வழியினர், தாய் கெமர் இனத்தவர். நோம் பென் நகரில் மருத்துவம் பயின்று, மகப்பேற்று மருத்துவராகவும் அறுவை மருத்துவராகவும் தேர்ந்தார். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றினர். அவர் அப்போது அறுவைக்கூடத்தில் ஒரு நோயாளியின் உடலைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பாய்ந்த ஓர் இளஞ்சிப்பாய், மருத்துவன் நீயா எனத் துப்பாக்கியை நீட்டினான். மருத்துவர் சற்று முன்னர்த்தான் பின்வாயில் வழியே வெளியேறினார் என அவர் விடையிறுத்தார். சிப்பாய் மருத்துவரைத் தேடி ஓடியதும், உடனிருந்தோருடன் அவரும் வெளியேறினார். மேசைமீது கிடந்த நோயாளியை விட்டுச் செல்ல நேர்ந்ததைத் தம் வரலாற்று நூலில் அவர் ஒளிக்காது எழுதியுள்ளார்.

அன்று தொடங்கிய மறுதலிப்பு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீண்டது. நகரத்தில் இருந்த இருபது இலட்சம் அளவிலான மக்கள், மருத்துவமனைப் படுக்கைகளில் கிடந்தோர் உட்பட, நாட்டுப்புறத்துக்கு விரட்டப்பட்டனர். பணம் ஒழிக்கப்பட்டது, அங்காடியும் பள்ளியும் அஞ்சலும் வழிபாடும் ஒழிக்கப்பட்டன. கற்றோர் யாவரும் பகைவராகக் கருதப்பட்டனர். மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பதே கல்விக்கு அடையாளமாகி, உயிருக்கு உலை வைத்தது. ஙோர் தம் கண்ணாடியை மறைத்தார். தாம் வாடகைக் கார் ஓட்டியவர் என்றார். வயலில் மண் சுமந்தார். மூன்று முறை சிறைப்பட்டு வதைக்கப்பட்டார். ஒரு விரலின் பகுதி வெட்டப்பட்டது. கால்கள் நெருப்பில் சுடப்பட்டன. மருத்துவர்தாமே என ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டது. அல்லேன் என ஒவ்வொரு முறையும் கூறினார்.

பேதுருவின் மறுதலிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். கரிநெருப்பண்டை நின்று மூன்று முறை மறுத்த அச்சீடர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். ஆனால் இங்கு மறுதலிப்பே உயிரைக் காக்கும் ஒரே வழியாயிற்று. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகள் பார்வோனிடம் உண்மையை மறைத்துப் பிள்ளைகளைக் காத்தனர். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் எனத் திருமறை சாற்றுகிறது. மகப்பேற்று மருத்துவராகிய ஙோரும் அவர்களைப்போல உண்மையை மறைத்தவரே. எனினும் அவர்களுக்கு வாய்த்தது அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் மனைவி சாங் மை ஹுவோய் 1978-இல் கருவுற்றிருந்தார். பட்டினியால் மெலிந்த உடலில் மாதம் நிறையுமுன்னரே வலி கண்டது. அறுவை செய்தே குழந்தையை எடுக்கவேண்டும் என்பதை அவ்விடத்தில் இருந்தோருள் அறிந்தவர் அக்கணவர் ஒருவரே. கருவிகள் இல்லை, மருந்து இல்லை. கத்தியை எடுத்தாலோ அவர் மருத்துவர் என்பது வெளிப்பட்டு, இருவரும் கொல்லப்படுவர் என்பது திண்ணம். மனைவியும் குழந்தையும் அவர் கண்முன்னே மடிந்தனர். எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் ராகேல் பிரசவ வேதனையில் இறந்தபோது யாக்கோபுக்குப் பிள்ளையாவது எஞ்சியது. கல்லறைமேல் ஒரு தூணை நிறுத்தவும் அவனால் முடிந்தது. ஙோருக்கு எஞ்சியது மனைவியின் சிறு நிழற்படம் ஒன்றே. பிற்காலத்தில் அதைப் பொற்பதக்கத்துள் பதித்துக் கழுத்தில் அணிந்துகொண்டார்.

இப்பகுதியை நாம் எழுதும்போது கல்வராயன் மலை நம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. சாலை எட்டாத மலையூர்களிலிருந்து கருவுற்ற மலையாளிப் பெண்களை டோலி கட்டித் தோளில் சுமந்து அடிவாரத்துக்குக் கொணர்வது அம்மக்கள் அறிந்த நிகழ்ச்சி. திருக்கோவலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை அமைந்ததன் பின்னணியில் இத்தகைய தேவையே இருந்தது எனலாம். அங்கே அறிவு தொலைவில் இருந்ததால் உயிர் போயிற்று. கம்போடியாவிலோ அறிவு கட்டிலருகே அமர்ந்திருந்தும் கைகட்டப்பட்டிருந்தது. இரண்டையும் ஒன்றெனக் கூற நாம் முற்படவில்லை. சாவு ஒன்றேயாயினும் அதற்குக் காரணமான பாவம் வேறு வேறு. ஆயினும் தாயின் உயிரை ஓர் ஆட்சி எவ்வளவு மதிக்கிறது என்பதே அதன் மெய்யான அளவுகோல் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்ட முறை 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. கூலியின்றி உழைத்த தலைமுறைகளை அம்மலை அறியும். கட்டாய உழைப்பு எங்கோ தொலைதேசத்தில் மட்டும் நிகழ்வது என எண்ணுவோர்க்கு இதை நினைவூட்டுகிறோம்.

ஒரு நாட்டின் கால்பங்கு

1979 சனவரி 7 அன்று வியத்நாம் படை நோம் பென்னுக்குள் நுழைந்ததோடு போல் பாட்டின் ஆட்சி வீழ்ந்தது. மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள் எனக் கம்போடியர் அக்காலத்தை நாள்கணக்கில் சொல்வர். ஏறத்தாழ 80 இலட்சம் மக்களுள் 15 முதல் 20 இலட்சம் பேர் கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டனர். சாம் முஸ்லிம்களும் வியத்நாமியரும் இனமாகவே அழிக்கப்பட்டனர். தலைநகரத்தின் கத்தோலிக்கப் பேராலயம் கல்லின்மேல் கல்லிராதபடி இடிக்கப்பட்டது. புரோட்டஸ்டன்ட் அருட்பணி அந்நாட்டில் 1923-இல் தொடங்கியது. கெமர் மொழியில் முழுத் திருமறை 1954-இல் வெளிவந்தது. 1970-க்குப்பின் சில ஆண்டுகளில் வேகமாக வளர்ந்த அச்சிறு சபையின் மக்களும் போதகர்களும் பெரும்பாலும் அந்நான்காண்டில் மறைந்தனர். இவ்வரலாறு நம் கல்லூரிகளின் திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து.

ஙோர் 1979-இல் தம் உடன்பிறந்தார் மகளாகிய ஒரு சிறுமியுடன் தாய்லாந்து எல்லையைக் கடந்தார். காவ் ஈ டாங் அகதிகள் முகாமில் மீண்டும் மருத்துவராகப் பணியாற்றினார். மறைத்த பெயரை வெளியே சொல்லும் உரிமை அங்குத் திரும்பக் கிடைத்தது. 1980-இல் அமெரிக்கா சென்றபோது அவ்வுரிமை மறுபடியும் பறிபோயிற்று. இம்முறை பறித்தது துப்பாக்கி அன்று, சட்டம். அயல்நாட்டில் பெற்ற மருத்துவப் பட்டத்தோடு அங்குத் தொழில் செய்ய இயலாது. தேர்வுகளையும் பயிற்சியையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இரவுக் காவலராக வேலை செய்தார்; பின்னர்ச் சீனர் குடியிருப்புப் பகுதியின் சேவை நிலையம் ஒன்றில் அகதிகளுக்கு வேலை தேடித்தரும் ஆலோசகரானார். மருத்துவத் தொழிலுக்கு அவர் திரும்பவேயில்லை.

வேடம்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர் சிட்னி ஷான்பெர்க், அவருடைய கம்போடியத் துணைவர் டித் பிரான் ஆகியோரின் மெய்வரலாற்றை 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' (கொலைக்களங்கள்) என்னும் பெயரில் ரோலண்ட் ஜோஃபே இயக்கினார். பிரான் வேடத்துக்கு ஆள் தேடியவர்கள் ஙோரை ஒரு திருமண வீட்டில் கண்டனர். அவர் முதலில் உடன்படவில்லை. தம் நாட்டின் கதையை உலகறியச் சொல்வதாக மனைவிக்கு அளித்த வாக்கே பின்னர் அவரை இசைவித்தது. தாய்லாந்தில் படமாக்கப்பட்டு 1984-இல் அது வெளிவந்தது. 1985 மார்ச்சில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது ஙோருக்கு வழங்கப்பட்டது. பிரிட்டனின் திரைக் கழகம் அவரையே சிறந்த முதன்மை நடிகராகத் தெரிந்துகொண்டது. தொழில்முறை நடிகரல்லாத ஒருவர் ஆஸ்கர் பெற்றது அதற்குமுன் ஒரே முறைதான். இரண்டாம் உலகப்போர்க்காலப் பயிற்சியில் வெடிவிபத்தால் இரு கைகளையும் இழந்த ஹரால்டு ரஸ்ஸல் என்னும் படைவீரர், 1946-இல் வந்த ஒரு படத்துக்காக அதைப் பெற்றார். ஒருவர் கைகளை இழந்தவர். மற்றவர் விரலை இழந்தவர். திரைத்தொழில் தன்னை அறியாமலே தழும்புகளுக்கு மரியாதை செய்த இரண்டு சந்தர்ப்பங்கள் என இவற்றைக் கொள்ளலாம். அதன்பின் அத்துணை நடிகர் விருதைப் பெற்ற அடுத்த ஆசியர், 2023-இல் பெற்ற கே ஹுய் குவான். அவரும் வியத்நாமிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த அகதியே.

நடிக்கக் கற்றது எங்கே எனக் கேட்டோருக்கு, கெமர் ரூஜ் ஆட்சியே தமக்கு நான்காண்டு நடிப்புப் பள்ளி என்னும் பொருள்பட ஙோர் விடை கூறியதுண்டு. இவ்விடையைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். மருத்துவர் தம்மைக் கார் ஓட்டியவராகக் காட்டிய நான்காண்டும் அவர் வேடம் பூண்டிருந்தார். அவ்வேடம் உண்மையை மறைத்தது. திரையில் பிரானாகத் தோன்றியபோதும் வேடம் பூண்டார். அவ்வேடம் மறைத்திருந்த உண்மையை வெளிக்கொணர்ந்தது. பிறனொருவனின் பெயரில் நின்றுகொண்டு தம் துயரத்தை அவர் பேசினார். தம் பெயரிலேயே பேசும் வல்லமை பின்னரே வந்தது. 1987-இல் ரோஜர் வார்னர் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய வரலாற்று நூலில்தான் ஹுவோயின் சாவு முழுமையாகச் சொல்லப்படுகிறது. அகதிகளோடு பழகும் ஊழியர் இவ்வரிசையை மனங்கொள்வது நலம். துன்புற்றவர் முதல் நாளே தம் கதையைத் தம் கதையாகச் சொல்லிவிட மாட்டார். அடுத்த வீட்டாருக்கு நேர்ந்தது என்று தொடங்குவார். அதை இடைமறித்து, உமக்கு நேர்ந்ததைச் சொல்லும் என வற்புறுத்துவது அறியாமை.

கள்ளக்குறிச்சி வட்டாரத்து மக்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. அப்பகுதிகளில் கருமாதி இரவில் 'கர்ண மோட்சம்' கூத்து நிகழ்த்தும் வழக்கம் உண்டு. இறந்தவருக்காக அழ வந்த குடும்பம், கூத்தில் கர்ணன் வீழ்வதைக் கண்டு அழுகிறது. கர்ணன் வேடங்கட்டியவர் பொய் சொல்லுகிறார் என எவரும் எண்ணுவதில்லை. அவர் தம் துக்கத்தைத் தாங்குகிறார் என்றே எண்ணுகின்றனர். கூத்துப் பார்ப்பதைக் கண்டித்த நம் பழைய உபதேசியார்கள் அதில் விக்கிரக ஆராதனையைக் கண்டார்கள். அதற்குள் நிகழ்ந்த துக்க ஆறுதலைக் காணத் தவறினார்கள். சாட்சி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகிய 'மார்த்துஸ்' என்பதே பின்னர் இரத்தசாட்சியைக் குறிக்கலாயிற்று. அச்சொல்லையும் நடிகனைக் குறிக்கும் சொல்லையும் திருச்சபை எதிரெதிர் முனைகளில் நிறுத்தியது. ஙோரிடத்தில் அவை சந்திக்கின்றன.

'கும்' என்னும் சொல்

கம்போடியரின் மனத்தை விளக்க ஙோர் தம் நூலில் 'கும்' என்னும் கெமர்ச் சொல்லை எடுத்துக்காட்டுகிறார். நெடுநாள் உள்ளே புதைத்து வைத்திருந்து, பட்ட தீங்கினும் பன்மடங்காகத் திருப்பித் தரும் வன்மத்தை அது குறிக்கும். தம்முள்ளும் அது இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் லாமேக்கு தன் மனைவியரிடம் பெருமை பேசும் எழுபத்தேழு மடங்குப் பழியும் இதுவே. மத்தேயு 18-இல் மன்னிப்பின் கணக்கைப் பேதுரு கேட்கும்போது ஆண்டவர் கூறிய எண் லாமேக்கின் எண்ணைத் தலைகீழாக்குவதற்கென்றே கூறப்பட்டது என்பர் விளக்கவுரையாளர். ஆகவே மன்னித்துவிடுக என அகதிகளிடம் கூறுவது நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. அது எளிதன்று என்பதைக் காட்டும் மற்றொரு மனிதரின் வரலாற்றை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும்.

காயிங் கேக் இயவ் என்பவர் கணித ஆசிரியராயிருந்து கெமர் ரூஜில் சேர்ந்தவர். 'டொய்க்' என்ற பெயரால் அறியப்பட்ட அவர், நோம் பென்னில் பள்ளிக்கூடமாயிருந்த கட்டடத்தில் அமைந்த எஸ்-21 சிறையின் தலைவர். 12,000-க்கும் மேற்பட்டோர் அச்சிறை வழியே வதைக்கும் கொலைக்கும் அனுப்பப்பட்டனர். ஆட்சி வீழ்ந்தபின் தலைமறைவாகிப் பொய்ப்பெயரில் வாழ்ந்து, அகதிகளிடையே சுகாதாரப் பணியும் செய்தார். 1990-களின் நடுவில் புரோட்டஸ்டன்ட் சபையொன்றில் ஞானஸ்நானம் பெற்றார். 1999-இல் ஒரு நிழற்படக்காரர் அவரைக் கண்டறிந்தபோது தம் செயல்களை ஒப்புக்கொண்டார். ஐக்கிய நாடுகளின் துணையோடு அமைந்த தனி நீதிமன்றத்தில் 2009-இல் விசாரணை நடந்தது. குற்றத்தை ஏற்று மன்னிப்புக் கேட்ட அவரே, விசாரணையின் கடைசி நாளில் தம்மை விடுவிக்குமாறு வேண்டியது மன்றத்தைத் திகைக்கச் செய்தது. 2010-இல் 35 ஆண்டுச் சிறை, 2012-இல் மேல்முறையீட்டில் அது வாழ்நாள் சிறையாக உயர்த்தப்பட்டது, 2020-இல் இறந்தார்.

மருத்துவர் தம் தொழிலை மறைத்து வயலில் வீழ்ந்தார்; கொலைச்சிறைத் தலைவர் தம் தொழிலை மறைத்து மருத்துவப் பணியாளரானார். முன்னவர் பௌத்தர், பின்னவர் நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர். இவ்வுண்மை நம் நாவிலுள்ள எளிய சொற்களைக் கசக்கச் செய்கிறது. அவருடைய மனந்திரும்புதல் பொய் எனத் தள்ளிவிடலாம். ஆனால் சவுல் என்பவனின் மனந்திரும்புதலையும் எருசலேமின் சபையார் முதலில் நம்பவில்லை. அதை மெய்யென ஏற்று, தேவன் மன்னித்தபின் மனிதர் தண்டிப்பானேன் எனக் கேட்கலாம். ஆனால் அவ்வாறு கேட்கும் உரிமை கொலையுண்டோரின் உறவினர்க்கே உண்டு, ஞானஸ்நானம் கொடுத்த சபைக்கு இல்லை. பலியானவர் சார்பில் மன்னிக்கத் திருச்சபைக்கு எவரும் அதிகாரம் அளிக்கவில்லை. சகேயு மனந்திரும்பிய நாளில் முதலில் பேசியது திருப்பிச் செலுத்துவதைப் பற்றியே. திருப்பிச் செலுத்த இயலாத குற்றம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் இறையியல் இன்னும் நம்மிடையே போதிய அளவு எழுதப்படவில்லை.

ஙோரின் முடிவும் இங்குச் சொல்லப்பட வேண்டும். 1996 பிப்ரவரி 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டின் வெளியே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருக்கும்பல் ஒன்றைச் சேர்ந்த மூன்று இளைஞர் 1998 ஏப்ரலில் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். போல் பாட் காட்டில் இறந்த செய்தி வந்ததும் அதே நாட்களில்தான். கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்ட ஙோர், மனைவியின் படம் இருந்த பதக்கத்தைக் கொடுக்க மறுத்ததாலேயே கொல்லப்பட்டார் என அரசுத் தரப்பு வாதிட்டது. கொலை போல் பாட்டின் ஆணையால் நிகழ்ந்தது என டொய்க் பின்னாளில் கூறினார். அமெரிக்க விசாரணையாளர் அதை ஏற்கவில்லை. பதக்கம் கிடைக்கவேயில்லை.

நம் நிலத்தில்

தமிழரிடையே இவ்விரு பாத்திரங்களும் ஒருவரில் சேரவில்லை. மருத்துவர் வேறு, நடிகர் வேறாக அமைந்தனர். 2009-இல் முள்ளிவாய்க்காலில் எறிகணைகளுக்கு நடுவே தற்காலிக மருத்துவமனைகளை நடத்திய அரசு மருத்துவர் சிலர், சாவுகளின் எண்ணிக்கையைத் தொலைபேசி வழியே உலகுக்கு அறிவித்துக்கொண்டிருந்தனர். மே மாதத்தில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். சூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் கூறியவை மிகையென மறுத்துரைத்தனர். அவர்களுள் ஒருவரான துரைராஜா வரதராஜா, பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு, அம்மறுப்பு கட்டாயத்தால் கூறப்பட்டதென வெளிப்படையாகச் சொன்னார். சாட்சியே மறுதலிக்கும்படி ஆக்கப்படுவதும், மறுதலித்தவர் மீண்டும் சாட்சியாவதும் பேதுருவோடு முடிந்துவிடவில்லை.

நடிகர், யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்த அந்தோனிதாசன் யேசுதாசன். ஷோபாசக்தி என்னும் பெயரில் 'கொரில்லா', 'ம்' ஆகிய நாவல்களை எழுதியவர். இளமையில் இயக்கத்தில் இருந்து விலகி, நாடுகள் பல கடந்து பிரான்சில் அகதியானவர். ஜாக் ஓதியார் இயக்கிய 'தீபன்' படத்தில் முதன்மை வேடம் ஏற்றார். 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை விருது அப்படத்துக்குக் கிடைத்தது. பிறருடைய பெயரையும் பிறருடைய குடும்பத்தையும் தன்னவையாகக் காட்டி நாடு கடக்கும் ஒருவனின் கதை அது. அடைக்கலம் வேண்டி வேடம் பூண்டவனைத் திரையில் காட்ட, அடைக்கலம் பெற்ற ஒருவரே வேடம் பூண்டார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய முகாம்களை 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. வீடுகளும் பல இடங்களில் புதிதாகக் கட்டப்பட்டன, இது பாராட்டத்தக்கதே. ஆயினும் இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு; 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்க்கு இடமில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும், குடியுரிமை இன்மையால் மருத்துவக் கல்லூரி வாயிலில் நிறுத்தப்பட்ட முகாம் மாணவர் தமிழகத்தில் உண்டு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் சிறுவங்கூரில் திறக்கப்பட்டது. சின்னசேலத்துக்கு அது தொலைவன்று. 2024 சூனில் கள்ளச்சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பலர் கொண்டுவரப்பட்டதும் அங்குத்தான். கல்வராயன் மலைமக்களின் நிலைமையை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டதும் அச்சாவுகளுக்குப் பின்னர்தான். மருத்துவர் பற்றாக்குறையுள்ள மலையும், மருத்துவராக விரும்பியும் ஆக இயலாத இளைஞர் வாழும் முகாமும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

சபையார் செய்யத்தக்கது எது எனச் சில ஊழியர் கேட்கின்றனர். முகாமின் முதியோர் கூறுவனவற்றைப் பெயர், ஊர், நாள் இவற்றோடு அவர்களின் இசைவு பெற்று எழுதி வைப்பது ஒன்று. இலங்கையிலிருந்து ஏதிலியராக வந்தோரே 1984-இல் சந்திரகாசன் தலைமையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தாரின் அனுபவத்தை நாடுவது மற்றொன்று. 'கொலைக்களங்கள்' படத்தை முகாமிலோ இளைஞர் கூட்டத்திலோ காட்ட விரும்புவோர் ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அப்படம் நண்பர் இருவர் மீண்டும் சந்திக்கும் காட்சியோடு முடிகிறது. அது டித் பிரானின் வாழ்வில் நிகழ்ந்தது. அவராக நடித்தவரின் வாழ்வில் அத்தகைய காட்சி எதுவும் இல்லை. பார்க்க வந்தோருள்ளும் அது இல்லாதோர் பலர் இருப்பர். விளக்குகளை ஏற்றியவுடன் ஜெபித்துக் கூட்டத்தைக் கலைத்துவிடாமல், அவர்கள் பேசவோ பேசாதிருக்கவோ ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வைக்க வேண்டும். தேநீரும் இருந்தால் நல்லது.